மட்ட வெள்ளிக் காசுகள்: பீடோங் வாசகர்கள் கேட்கிறார்கள்

சுத்தியலால் அடித்த பழங்காசுகள் பற்றிக் கேள்வி எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கெடா மாநிலத்தின் பீடோங்கிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்தவை. எல்லாரும் கேட்டிருப்பது வெள்ளி குறைந்து செம்பு மிகுந்த காசுகளைப் பற்றி. இந்த மாதப் பக்கத்தை முழுவதும் அவர்களுக்கே ஒதுக்கிவிட்டோம்.

*

கேள்வி: பழங்காசு சேர்க்க இப்போதுதான் தொடங்குகிறேன். மட்ட வெள்ளி என்று எதைச் சொல்கிறார்கள்? கையைக் கடிக்காத விலையில் எதிலிருந்து தொடங்கலாம்?
— ஆசிரியை, பீடோங்

பதில்: வெள்ளி பாதிக்கும் குறைவாக, மீதி பெரும்பாலும் செம்பாக இருக்கும் கலவைதான் மட்ட வெள்ளி. ஏலப் பட்டியல்களில் ‘பில்லன்’ என்று போட்டிருப்பார்கள். இதை அரசர்கள் செய்த ஏமாற்று என்று மட்டும் நினைக்க வேண்டாம். சந்தைச் சில்லறையைத் தூய வெள்ளியில் அடித்தால் காசு மிளகளவுக்குச் சிறுத்துப்போகும், கைமாறும்போதே தொலையும். செம்பைச் சேர்த்தால் அதே மதிப்பு விரலில் பிடிக்கிற அளவுக்கு வருகிறது. கருவூலத்தில் வெள்ளி வற்றிய காலங்களில் செம்பின் பங்கு ஏறிக்கொண்டே போனதும் நடந்ததுதான்.

தொடக்கத்துக்கு வட இந்தியக் காசுகளே ஏற்றவை. எண்ணிக்கையில் அதிகம் கிடைக்கின்றன, விலையும் அடக்கம். முதல் வரிசை காளை–குதிரைவீரன் ஜீத்தல்கள் எனும் சிறு காசுகள். ஒரு பக்கம் படுத்திருக்கும் காளை, மறுபக்கம் ஈட்டியோடு குதிரைவீரன். காபூல்–காந்தாரப் பகுதியை ஆண்ட இந்து ஷாகி மன்னர்கள் நல்ல வெள்ளியில் தொடங்கிய இந்த வடிவத்தை, பின்னால் வந்தவர்கள் மட்ட வெள்ளியில் தொடர்ந்தார்கள். 1192இல் தோற்ற பிருத்விராஜ சௌகானின் காசும் இதே வடிவம்தான். அவரைத் தோற்கடித்த முகம்மது கோரியும் இதே காளையையும் குதிரையையும் வைத்துக்கொண்டு, பெயரை மட்டும் நாகரி எழுத்தில் மாற்றி அடித்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் ஆட்சி மாற்றம் சந்தைக்காரர் கையில் எப்படித் தெரிந்திருக்கும் என்பது விளங்கும். எடை 3.2 முதல் 3.6 கிராம் வரை இருக்கும்.

அடுத்தது தில்லி சுல்தான் பால்பன் (1266–1287). இந்தக் காசை ஆரம்பக்காரர்கள் எல்லாரும் வாங்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஒரு பக்கம் நடுவில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் அரபியில் ‘பல்பன்’, வட்டத்தைச் சுற்றி நாகரியில் ‘ஸ்ரீ சுலதாங் கயாசுதீங்’. நாகரி எழுத்து கொஞ்சம் தெரிந்தவர்கூட அரை மணி நேரத்தில் தானே படித்துவிடலாம். அலாவுதீன் கல்ஜி (1296–1316) காசும் இதே அமைப்பு. அவருடைய மகன் குத்புதீன் முபாரக் (1316–1320) வட்டக் காசோடு சதுரக் காசும் அடித்தார். கூட்டத்தில் உடனே கண்ணில் படும். பெரிய காசு வேண்டுமென்றால் சிக்கந்தர் லோடியின் (1489–1517) தங்கா, 9 கிராமுக்குச் சற்று மேல். வெள்ளி மிகக் குறைவு, ஆனால் பலவற்றில் ஆண்டு தெளிவாக இருக்கும்.

இந்த வரிசைக்கு இன்னொரு வசதி உண்டு. 1318இல் தில்லி நாணயச்சாலையில் பணியாற்றிய தக்குர பேரு என்பவர், அன்று புழங்கிய காசுகளின் எடையையும் ஒவ்வொன்றிலும் இருந்த வெள்ளியையும் வகைவகையாக எழுதி வைத்தார். இடைக்கால நாணயச்சாலைக்கு உள்ளே இருந்த ஒருவரின் கணக்கு இப்படிக் கிடைப்பது அபூர்வம். நம் கையிலுள்ள காசின் மாற்றை அவர் கணக்கோடு ஒப்பிட முடிகிறது.

தமிழர்கள் தேடிப் பார்க்க வேண்டியவை மதுரை சுல்தான்களின் காசுகள். தில்லியின் ஆளாக மதுரைக்கு வந்த ஜலாலுதீன் அசன் ஷா 1330களில் தனியாட்சி தொடங்கினார். விஜயநகர இளவரசர் குமார கம்பணரின் படையெடுப்போடு அந்த ஆட்சி சரிந்தது. மட்ட வெள்ளியிலும் செம்பிலும் சிறு காசுகள், எழுத்து அரபி. தில்லிக் காசுகளில் கண் பழகிய பிறகு இவற்றுக்கு வாருங்கள். புலியும் இரு மீனும் வில்லும் உள்ள சோழர் காசுகளிலும் வெள்ளி குறைந்தவை உண்டு. கடாரத்துக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறீர்கள், ஆசை வரும். ஆனால் தேவை அதிகமுள்ள காசுக்குப் போலியும் அதிகம் வரும். அதை இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: முகம்மது பின் துக்ளக் 1330–1332 காலத்தில் பித்தளையிலும் செம்பிலும் அடித்து வெள்ளித் தங்காவின் மதிப்பில் புழங்கவிட்ட காசுகளை மட்ட வெள்ளி என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. அவற்றில் வெள்ளியே கிடையாது. வரலாற்றுக்காக வாங்கலாம், வெள்ளிக்காக அல்ல.

*

கேள்வி: பால்பன் காசு ஒன்றை சுங்கைப் பட்டாணி நகைக்கடையில் மிஷினில் வைத்துப் பார்த்தேன். வெள்ளி 68 விழுக்காடு என்று காட்டியது. விற்றவர் மட்ட வெள்ளி என்றார். யார் சொல்வது சரி?
— வாசகர், பீடோங்

பதில்: விற்றவர். மிஷினும் பொய் சொல்லவில்லை. அது பார்த்த இடம் வேறு.

அந்த எக்ஸ்ரே மிஷின் காசின் மேல்பரப்பில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, சில பங்கு ஆழம் வரைதான் படிக்கும். மட்ட வெள்ளிக் காசின் மேல்தோலும் உள்சதையும் ஒன்றல்ல. நாணயச்சாலையில் என்ன நடந்தது என்று பாருங்கள். வெள்ளியும் செம்பும் கலந்த வில்லையை அடிப்பதற்கு முன் இளக வேண்டும் என்று பழுக்கக் காய்ச்சுவார்கள். அப்போது மேலே உள்ள செம்பு மட்டும் காற்றோடு சேர்ந்து கறுத்துவிடும், வெள்ளி கறுக்காது. பிறகு புளிப்பான நீரில் போட்டால் அந்தக் கறுப்பு கரைந்து, செம்பு வெளியேறி, வெள்ளி மட்டும் பஞ்சுபோல மேலே நிற்கும். அதன்மேல் அச்சை வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் அந்தப் பஞ்சு அமுங்கி இறுகி, பளபளவென்று நல்ல வெள்ளிக் காசாகத் தெரியும். அதற்குப் பின் அறுநூறு எழுநூறு ஆண்டு மண்ணுக்குள் கிடக்கும்போது, ஈரம் இன்னும் கொஞ்சம் செம்பை அரித்து எடுத்துப் போகிறது. ஆக மேல்தோலில் வெள்ளி கூடும், உள்ளே கூடாது. உரைகல்லில் உரைத்தாலும் இதே கதைதான்.

காசை அறுக்காமல் உள்ளே உள்ளதை அறிய ஒரே வீட்டு வழி அடர்த்தி பார்ப்பது. வெள்ளியின் அடர்த்தி 10.49, செம்பின் அடர்த்தி 8.96. கலவை இரண்டுக்கும் நடுவில் நிற்கும்: 10 விழுக்காடு வெள்ளி என்றால் 9.09, 20 என்றால் 9.23, 30 என்றால் 9.37, 40 என்றால் 9.52, 50 என்றால் 9.67. படிகளுக்கு இடையே உள்ள தூரம் எவ்வளவு சிறியது என்று கவனியுங்கள். தராசு எப்படி இருக்க வேண்டும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

செய்முறை: சிறிய, லேசான பிளாஸ்டிக் குவளையில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றித் தராசில் வைத்து, அளவைப் பூஜ்யமாக்குங்கள். பாத்திரம் கழுவும் திரவம் அரைச் சொட்டு விட்டால் நீர் காசோடு நன்றாக ஒட்டும். காசை முதலில் உலர்ந்த நிலையில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு முடியளவு மெல்லிய நைலான் நூலில் கட்டி, தராசைத் தொடாத ஒரு தாங்கியிலிருந்து நீருக்குள் தொங்கவிடுங்கள். காசு முழுக்க மூழ்க வேண்டும்; அடியையும் பக்கத்தையும் தொடக் கூடாது. இப்போது தராசு காட்டுவது காசு ஒதுக்கிய நீரின் எடை. உலர்ந்த எடையை அதனால் வகுத்து, நம் ஊர் வெப்பத்துக்காக 0.996ஆல் பெருக்குங்கள்.

3.420 கிராம் காசு 0.360 கிராம் நீரை ஒதுக்கினால் விடை 9.46, வெள்ளி ஏறத்தாழ 36 விழுக்காடு. மூன்று தசம இடம் காட்டும் தராசில் கடைசி எண் ஒன்று முன்பின் ஆனால் விடை 35க்கும் 38க்கும் நடுவில் நிற்கும். ஆனால் பலரிடமும் இருப்பது 0.01 கிராம் தராசு. அதில் ஒதுக்கிய நீர் 0.35 என்று காட்டினால் வெள்ளி 54 விழுக்காடு, 0.37 என்று காட்டினால் 18 விழுக்காடு! மூன்று கிராம் காசுக்கு அந்தத் தராசு பயன்படாது. 9 கிராம் லோடி தங்காவுக்குக்கூடத் தோராயம்தான்.

கெடுப்பது காற்றுக்குமிழி. ஒரு கன மில்லிமீட்டர் குமிழி 0.001 கிராமை மாற்றிவிடும். நனைந்த மென்தூரிகையால் இரு பக்கமும் விளிம்பும் தடவி விடுங்கள். காசில் வெடிப்பும் அரிப்பும் இருந்தால் உள்ளே காற்று தங்கி அடர்த்தி குறைவாக வரும், 8.96க்கும் கீழே வந்தால் ஒன்று காசு அரித்துப்போயிருக்கிறது, அல்லது அது வார்ப்புப் போலி. ஈயம் கலந்திருந்தால் விடை கூடிவரும். முறை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பூச்சில்லாத கெட்டி மின்கம்பிச் செம்பில் 3–4 கிராம் துண்டை எடுத்து இதே போல் அளந்து பாருங்கள். 8.9ஐ ஒட்டி வர வேண்டும். அது வரும்வரை காசைத் தொடாதீர்கள்.

காசைச் சுண்டி ஓசை பார்க்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். பழைய மட்ட வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை அடைந்திருக்கும். சிமெண்ட் தரையில் விழுந்தால் இரண்டாகிவிடும்.

*

கேள்வி: ஸ்டோரில் ரப்பர் பால் உறைய ஊற்றுகிற ஆசிட் வீட்டில் கொஞ்சம் இருக்கிறது. கறுத்த காசை அதில் போட்டால் பளிச்சென்று வருமா? இல்லை, புளி போட்டுத் துலக்கலாமா?
— பால்மரம் வெட்டும் வாசகர், பீடோங் அருகே

பதில்: போடாதீர்கள். புளியும் வேண்டாம், எலுமிச்சையும் வேண்டாம்.

பால் உறைய ஊற்றுவது ஃபார்மிக் ஆசிட். அது செம்பின் கறுப்பையும் களிம்பையும் நிமிடங்களில் கரைக்கும். உங்கள் காசில் எழுத்து எங்கே நிற்கிறது என்று யோசியுங்கள்: எழுநூறு ஆண்டில் மேலே இருந்த செம்பின் ஒரு பகுதி களிம்பாக மாறி, அந்தக் களிம்புப் படலத்திலேதான் எழுத்தின் விளிம்பு இருக்கிறது. அதைக் கரைத்தால் எழுத்தும் போகும். மிச்சமிருக்கும் மெல்லிய வெள்ளித்தோல் அடிப்பிடி இல்லாமல் உரிந்து, கீழே இளஞ்சிவப்பாகச் செம்பு தெரியும். அந்தச் சிவப்பை மறைக்க எந்த வழியும் இல்லை. புளியும் இதையேதான் செய்யும், மெதுவாக. பித்தளைக் குத்துவிளக்கைப் புளியால் துலக்கலாம். அதன் உலோகம் மேலும் கீழும் ஒன்றுதான். அலுமினியத்தாளும் சோடா மாவும் வைத்துச் செய்யும் முறை நல்ல வெள்ளிக் கரண்டிக்கு ஏற்றது, இதற்கு அல்ல. ஆலிவ் எண்ணெயில் மாதக்கணக்கில் ஊறவைக்கச் சொல்பவர்களும் உண்டு. அந்த எண்ணெயிலும் புளிப்பு இருக்கிறது.

செய்யக்கூடியது இவ்வளவே. கண்ணாடிக் கிண்ணத்தில் காய்ச்சி வடித்த நீரில் காசை ஊறவையுங்கள். பட்டறையில் கார் பேட்டரிக்கு ஊற்ற விற்கும் தண்ணீர் போதும். பக்கத்திலேயே பேட்டரி ஆசிட் பாட்டிலும் இருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருப்பதால் ஆகாது. நாள்தோறும் நீரை மாற்றி, ஒரு வாரம். மண் இளகிய இடத்தை ஈர்க்குச்சி முனையால், பூதக்கண்ணாடிக்குக் கீழே, எழுத்தின் போக்கிலேயே தள்ளிவிடுங்கள். குச்சியில் வருவது பழுப்பு மண் என்றால் தொடரலாம். பச்சையாகவோ கறுப்பாகவோ வந்தால் அது காசு, நிறுத்துங்கள். முடிவில் சுத்தமான அசிட்டோனில் ஒரு முக்கு, நிழலில் உலர்த்தல். நகப்பூச்சு நீக்கியில் எண்ணெயும் வாசனையும் சேர்த்திருப்பார்கள், அது வேண்டாம். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். சாமி விளக்கு எரியும் அறையில் திறக்காதீர்கள்.

பெரும்பாலான காசுகளுக்கு இதுகூடத் தேவையில்லை. எழுத்து படிக்க முடிகிறதென்றால் அப்படியே விட்டுவிடுவதுதான் எங்கள் பரிந்துரை.

*

கேள்வி: வாங்கிய காசில் எழுத்து பாதிதான் இருக்கிறது, படமும் ஓரமாகப் போயிருக்கிறது. குறையுள்ள காசைத் தலையில் கட்டிவிட்டார்களா? போலியாகவும் இருக்குமா?
— கல்லூரி மாணவர், பீடோங்

பதில்: பாதி எழுத்து இருப்பதுதான் இயல்பு. இந்தக் காசுகளுக்கு அச்சு பெரியது, வில்லை சிறியது. கீழ் அச்சு மரக்கட்டையில் ஊன்றியிருக்கும், அதன்மேல் வில்லை, அதன்மேல் மேல் அச்சைக் கையால் பிடித்துச் சுத்தியலடி. வேகமாக நடக்கும் வேலை. வில்லை எங்கே உட்கார்ந்ததோ அந்தப் பகுதி மட்டும் பதியும். ஒரே வகையில் நாலைந்து காசு சேர்ந்தால், ஒன்றில் இல்லாத எழுத்தை இன்னொன்றில் பிடித்து முழு வாசகத்தையும் தாளில் வரைந்துவிடலாம். இந்தச் சேகரிப்பின் பெரிய இன்பமே அதுதான். அதனால் முதலில் ஒரே அழகான காசுக்குப் பணத்தைக் கொட்டுவதைவிட, ஒரே ஆட்சியின் சுமாரான ஐந்து காசுகளை வாங்குவது மேல்.

போலியைக் கண்டுபிடிக்க 10 மடங்கு பூதக்கண்ணாடி வேண்டும். விளிம்பை முதலில் பாருங்கள், முகத்தை அல்ல. அடித்த காசில் உலோகம் வெளிப்புறமாகப் பிதுங்கியிருக்கும். விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சிறு வெடிப்புகள் ஓடும். வார்த்த போலியில் விளிம்பைச் சுற்றி இரு அச்சும் சேர்ந்த கோடு இருக்கும், அல்லது அதை மறைக்க அரம் போட்ட கீறல் இருக்கும். பிறகு எழுத்துகளுக்கு நடுவே பள்ளத்தைப் பாருங்கள்: அடித்த எழுத்தின் பக்கவாட்டு செங்குத்தாக இறங்கும், வார்த்ததில் சோப்புக் கட்டியில் பதித்ததுபோல மழுங்கி, பள்ளத்தில் ஊசிக்குத்து அளவு குமிழித் தடங்கள் இருக்கும்.

இன்னொரு அடையாளம் தப்பாது. ஒரே அச்சில் அடித்த இரண்டு உண்மைக் காசுகளில் எழுத்தின் வடிவம் ஒன்றாக இருக்கலாம். ஆனால் ஓரம் போன விதமும் வெடிப்பும் ஒன்றாக இருக்கவே முடியாது. ஒரு வியாபாரியிடம் இரண்டு காசு, இரண்டிலும் அதே இடத்தில் அதே வெடிப்பு என்றால் இரண்டும் ஒரே தாய்க்காசிலிருந்து வார்த்தவை.

செம்பின்மேல் வெள்ளி முலாம் பூசிய அக்காலத்துப் போலிகளும் உண்டு. அவற்றில் முலாம் உடைந்த இடத்தில் படிக்கட்டு மாதிரி ஒரு விளிம்பு தெரியும். உண்மையான மட்ட வெள்ளியில் சிவப்பு அப்படி வெட்டித் தெரியாது. காளையின் திமில், எழுத்தின் முதுகு போன்ற மேடுகளில் தேய்ந்து, மெல்ல மெல்லப் படர்ந்திருக்கும்.

காசில் ஆண்டு இருந்தால் அது ஹிஜ்ரி. 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டுங்கள்: 730 என்றால் 1330. ஹிஜ்ரி ஆண்டு நம் இரண்டு ஆண்டுகளில் விழும் என்பதால் ஓர் ஆண்டு முன்பின் விட்டுக்கொடுங்கள்.

*

கேள்வி: சிக்கந்தர் லோடி காசு ஒன்றில் வெளிர்பச்சைப் பொடி பூக்கிறது. துடைத்தால் மறுபடி வருகிறது. பெட்டியில் மற்ற காசுகளுக்கும் தொற்றுமா?
— வாசகி, பீடோங்

பதில்: இன்றே தனியாக எடுத்து வையுங்கள். பொடி தானாகத் தாவாது. ஆனால் அந்தப் பொடியும் அதை வளர்க்கும் ஈரமும் ஒரே பெட்டியில் இருப்பது மற்றக் காசுகளுக்கும் ஆபத்து.

கெட்டியாக, கரும்பச்சையாக, நகத்தால் உரியாமல் இருக்கும் களிம்பு தீங்கற்றது, காசைக் காக்கிறது. நீங்கள் சொல்வது வேறு. மண்ணிலிருந்து வந்த உப்பின் குளோரைடு செம்போடு சேர்ந்து உள்ளே பதுங்கியிருக்கிறது. காற்றின் ஈரம் பட்டதும் அது பச்சைப் பொடியாகப் பூத்து, கூடவே அமிலத்தை விடுகிறது. அந்த அமிலம் புதிய செம்பைத் தின்று மறுபடி குளோரைடாகிறது. ஈரம் இருக்கும்வரை இந்தச் சுற்று நிற்காது. லோடி காசில் செம்பு மிக அதிகம், நம் ஊரில் ஈரம் அதைவிட அதிகம்.

ஊசி முனையால் பொடியைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே குழியோடு தோண்டி எடுங்கள். தூசியை மூச்சில் இழுக்க வேண்டாம்; மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொள்ளுங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீர் 1 லிட்டரில் சமையல் சோடா 19 கிராம், நீரில்லாத சோடியம் கார்பனேட் 23 கிராம் கரைத்து, காசை அதில் ஊறவையுங்கள். கடையில் கிடைப்பது படிகமான சலவைச் சோடா என்றால் அதில் பாதிக்கு மேல் நீர், 62 கிராம் வேண்டும். வாரம் ஒருமுறை கரைசலை மாற்றுங்கள். இரண்டு மூன்று மாதம் ஆகலாம். கரைசல் நீலம் ஏறினால் செம்பு கரைகிறது என்று பொருள். எடுத்து, தூய நீருக்கு மாற்றிவிடுங்கள். கடைசியில் நாள்தோறும் நீர் மாற்றி ஒரு வாரம் அலசி, அசிட்டோனில் முக்கி, 60 பாகை சூட்டில் ஒரு மணி நேரம் உலர்த்துங்கள்.

நின்றதா என்று சோதிக்க, மூடிய டப்பாவில் ஈரப் பஞ்சுக்குப் பக்கத்தில், அதைத் தொடாமல் ஒரு நாள் வையுங்கள். பொடி பூக்கவில்லை என்றால் நுண்படிக மெழுகு மிக மெல்லியதாகத் தடவி உள்ளே வைக்கலாம். பூத்தால் மறுபடி முதலிலிருந்து. பல காசுகளுக்கு இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கும். அரித்துப் பாதி போன சாதாரணக் காசுக்கு இவ்வளவு பாடு தேவையா என்று கேட்டால், உலர்ந்த பெட்டியில் தனியாக வைப்பதே போதும் என்போம்.

*

கேள்வி: நூறு காசு சேர்ந்துவிட்டது. எதில், எப்படி வைப்பது? வீட்டுக்குப் பக்கத்திலேயே ரப்பர் பால் ஸ்டோர்.
— வாசகர், பீடோங்

பதில்: பால் ஸ்டோர் பக்கத்தில் இருப்பதைச் சொன்னது நல்லதாயிற்று. பால் கெடாமலிருக்க அமோனியா விடுவார்கள். அமோனியா ஆவி செம்பைத் தின்னும். உறைய வைக்கும் ஆசிட்டின் ஆவியும் அப்படியே. ஸ்டோர் பக்கம் பார்த்த சன்னலுள்ள அறையில் காசை வைக்காதீர்கள்.

ரப்பரே வெள்ளிக்கு எதிரி. கடினப்படுத்திய ரப்பரில் கந்தகம் இருக்கிறது; அது மெல்ல வெளியேறி வெள்ளியைக் கறுக்க வைக்கும். ரப்பர் பேண்ட், ரப்பர் விரிப்பு, பென்சில் அழிப்பான், ரப்பர் வளையம் போட்ட டப்பா, எதுவும் காசோடு இருக்கக் கூடாது. காற்றுப்புகா டப்பா வாங்கும்போது மூடியின் வளையம் சிலிக்கோனா என்று பாருங்கள்.

மென்மையான பிவிசி உறைகள் மலிவாகக் கிடைக்கும். நம் வெயிலுக்கு ஓரிரு ஆண்டில் அவை பிசுபிசுத்து, காசில் பச்சை வழுவழுப்பாக ஒட்டும். அந்த வழுவழுப்பு அசிட்டோனில் போகும். ஆனால் அதற்குள் தோல் அரித்திருக்கும். பாலியெஸ்டர் உறை, அல்லது பாலியெஸ்டர் சன்னல் வைத்த அட்டைச் சட்டம் வாங்குங்கள். அட்டையைக் குத்தும் பின்னின் முனைகளைக் குறட்டால் தட்டையாக்க மறக்காதீர்கள், அடுத்த காசைக் கீறும். பலகைத்தூள் அட்டையில் செய்த மலிவு அலமாரி புதிதாக இருக்கும்போது புளிப்பு ஆவி விடும், அதில் வேண்டாம்.

ஈரம் 40 விழுக்காட்டுக்குக் கீழே நிற்க வேண்டும். கேமரா வைக்க விற்கும் உலர் அலமாரி இருந்தால் சிக்கல் தீர்ந்தது. இல்லையென்றால் 5 லிட்டர் டப்பாவில் 250 கிராம் சிலிக்கா ஜெல்லும் சிறிய ஈரமானியும் போதும். நிறம் மாறும் வகையில் ஆரஞ்சு நிறத்தது வாங்குங்கள். பச்சையானதும் அடுப்பில் 110–120 பாகையில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மீண்டும் ஆரஞ்சாகும். ஆறிய பிறகே உள்ளே வைக்க வேண்டும். மழை பெய்யும் காலையில் டப்பாவைத் திறந்து காசு பார்க்கும் ஆசையை மாலை வரை தள்ளிப்போடுங்கள்.

காசை விளிம்பில் பிடியுங்கள், கீழே ஒரு துண்டு விரித்து. விரல் வியர்வையிலும் உப்புதான் இருக்கிறது.

*

கேள்வி: செம்பனைக் காட்டுக் கால்வாய் தூர்வாரும்போது பச்சை படிந்த ஒரு காசு கிடைத்தது. மெர்போக் பக்கம். சோழர் காசாக இருக்குமா? விற்கலாமா? ஊரிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி இன்னும் சில காசு எடுத்துவரச் சொல்லலாமா?
— தோட்டத் தொழிலாளி, பீடோங் அருகே

பதில்: கழுவாமல், சுரண்டாமல், கிடைத்த மண்ணோடேயே ஒரு சின்ன டப்பாவில் வையுங்கள். இடத்தைக் கைப்பேசி வரைபடத்தில் குறித்து, கால்வாயின் எந்தக் கரை, எவ்வளவு ஆழம் என்று எழுதிக்கொள்ளுங்கள். மேலும் தோண்டாதீர்கள். பூஜாங் பள்ளத்தாக்கு பழைய துறைமுகக் குடியிருப்பு. அங்கே ஒரு காசின் மதிப்பில் பாதி அது கிடந்த இடத்தில்தான் இருக்கிறது. இடம் தெரியாமல் போனால் அது வெறும் உலோகம்.

விற்கும் பேச்சே வேண்டாம். 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி இப்படிக் கிடைத்ததை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். மாவட்ட அலுவலகத்தில் சொல்லலாம். மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் காட்டினால் அவர்கள் வழி சொல்வார்கள். தோட்ட நிர்வாகத்திடமும் சொல்லிவிடுங்கள்.

சோழர் காசா என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. விளிம்பைப் பாருங்கள்: சீரான வட்டமும் ஒரே கனமும் இருந்தால் அது இயந்திரத்தில் அடித்தது, பெரும்பாலும் ஆங்கிலேயர் ஆண்ட நீரிணைக் குடியேற்றக் காலச் செப்புக் காசு. 1943, 1945 மலாயா 5, 10, 20 காசுகளில்கூடப் பாதிதான் வெள்ளி. அவையும் ஈர மண்ணில் பச்சை பிடிக்கும்.

உறவினர் வழியாகக் கொண்டுவருவது கூடாது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசைத் தனியாள் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வது அவர்தான். நெடுங்காலமாக இந்தியாவுக்கு வெளியே உள்ள பழைய சேகரிப்புகளிலிருந்து, யாரிடமிருந்து எப்போது வந்தது என்று எழுதிய ரசீதோடு வாங்குங்கள். அந்த ரசீதைக் காசின் அட்டைச் சட்டத்துக்குப் பின்னாலேயே எண்ணிட்டு வையுங்கள்.